சீட்டு சாட்சிதான், தீர்ப்பு அல்ல!

 

ஒருவர் மீது ஒழுக்கக்கேடான குற்றத்தைச் சுமத்த வேண்டுமானால் நான்கு சாட்சிகள் வேண்டும். சாட்சிகளைக் கொண்டுவர முடியாமல் பழி பேசியவருக்கே எண்பது கசையடி என்பது இஸ்லாமியச் சட்டம். மனிதனின் மானத்திற்கு மார்க்கம் கட்டியிருக்கும் வேலி அது. பதினான்கு நூற்றாண்டுகளாக இந்தச் சட்டத்தை ஓதியும் ஓதிக்கொடுத்தும் வரும் நமது சமுதாயத்தில்தான், ஓர் இளைஞனின் பிழைப்பையும் மானத்தையும் சேர்த்துப் பறிப்பதற்கு இன்று ஒரே ஒரு காகிதச் சீட்டு போதுமானதாக இருக்கிறது!

நாம் எந்தச் சீட்டைச் சொல்கிறோம் என்பது சபுராளிகள் இல்லாத வீடே அரிதாகிவிட்ட நமது ஊர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தரங்கம்பாடி, பொறையார், வடகரை, நீடூர், திருமுல்லைவாசல் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் பாஸ்போர்ட் எடுத்த பையன் அடுத்துப் போக வேண்டிய இடம் 'மெடிக்கல்'. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கான அந்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய மூன்று கிருமிகளுக்கும் இரத்தம் பார்க்கப்படுகிறது. 'ரியாக்டிவ்' என்று ஒரு சொல் சீட்டில் விழுந்துவிட்டால் அவன் 'அன்ஃபிட்'. விசாவுக்குக் கொடுத்த பணம் போனது. நகையை அடகு வைத்த உம்மாவின் நிம்மதி போனது. அத்தோடு முடிகிறதா? "அவனுக்கு என்னமோ இருக்காமே?" என்ற பேச்சு அவன் ஊர் வந்து சேர்வதற்கு முன்பே தெருமுனைக்கு வந்துவிடுகிறது. பேசி வைத்த நிக்காஹ் முறிகிறது. தங்கைக்கு வந்த சம்பந்தமும் திரும்பிப் போகிறது.

இத்தனைக்கும் அடிப்படையான அந்தச் சீட்டு என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? செய்தி வந்தால் விசாரித்துத் தெளிந்த பிறகே நம்ப வேண்டும் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். இந்த விஷயத்திலும் விசாரிப்போம்.

இரத்தத்தில் தேடுவது எதை?

வைரஸ் கிருமி உடலுக்குள் நுழைந்ததும் அதை எதிர்த்து நிற்பதற்கு உடல் ஒருவகைப் புரதத்தை உற்பத்தி செய்கிறது. இதற்கு ஆன்டிபாடி என்று பெயர். எதிர்ப்பொருள் என்று தமிழில் சொல்லலாம். ஒவ்வொரு கிருமிக்கும் அதற்கேற்ற எதிர்ப்பொருள். கார்டு டெஸ்ட், எலிசா போன்ற முறைகளில் செய்யப்படும் பல பரிசோதனைகள் இந்த எதிர்ப்பொருளைத்தான் தேடுகின்றன. அதாவது, அவை கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமிக்கு உடல் காட்டிய எதிர்ப்பைத்தான் பார்க்கின்றன.

காவிரிக் கடைமடையில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. வெள்ளம் வந்து போன வீட்டின் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும் அல்லவா? எதிர்ப்பொருள் அந்தக் கோடு. கிருமி அந்தத் தண்ணீர். கோட்டைப் பார்த்து, தண்ணீர் வந்திருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் தண்ணீர் இப்போதும் வீட்டுக்குள் நிற்கிறதா, வடிந்துவிட்டதா என்பதைக் கோடு சொல்லாது. தண்ணீர் இப்போதுதான் வாசற்படி ஏறுகிறது என்றால் சுவரில் கோடே இருக்காது. சில சமயம் மழைக்கசிவில் விழுந்த கறையும் வெள்ளக்கோடு போலவே கண்ணை ஏமாற்றும். எதிர்ப்பொருள் பரிசோதனையின் மூன்று குறைகளும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

முந்திப் பார்த்தால் தெரியாது

முதல் குறை காலம். கிருமி நுழைந்த அன்றே எதிர்ப்பொருள் உண்டாகிவிடுவதில்லை. எச்.ஐ.வி. தொற்றினால், எதிர்ப்பொருளை மட்டும் தேடும் பரிசோதனையில் அது தெரிவதற்கு 23 நாள் முதல் 90 நாள் வரை ஆகலாம். கிருமியின் ஒரு பகுதியையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, ஆய்வுக்கூடத்தில் முறையாகச் செய்தால், 18 முதல் 45 நாளில் காட்டிவிடும். கிருமியின் மரபுப்பொருளையே நேரடியாகத் தேடும் 'நாட்' என்ற பரிசோதனை 10 முதல் 33 நாளில் கண்டுபிடிக்கும். ஹெபடைடிஸ் சி கிருமிக்கு எதிர்ப்பொருள் தெரியப் பெரும்பாலும் 8 முதல் 11 வாரம் ஆகிறது; கிருமியை நேரடியாகத் தேடினால் ஓரிரு வாரத்திலேயே தெரிந்துவிடும்.

இந்த இடைவெளியில் பரிசோதனை செய்தவருக்கு 'நெகட்டிவ்' என்று சீட்டு வரும். ஆனால் கிருமி அவர் இரத்தத்தில் இருக்கும், மற்றவருக்கும் பரவும். ஆகவே, 'நெகட்டிவ்' சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தன்னைச் சுத்தமானவன் என்று சொல்லித் திரிவதும் அறியாமையே!

டெங்குவிலும் இதே கதைதான். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நமது பகுதியில் காய்ச்சல் வராத தெரு இல்லை. காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருளைப் பார்த்துவிட்டு, "டெங்கு இல்லையாம்" என்று பிள்ளையை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகிறோம். அந்த எதிர்ப்பொருள் பொதுவாக ஐந்தாம் நாளுக்குப் பிறகே தெரிகிறது. முதல் ஐந்து நாளில் பார்க்க வேண்டியது கிருமியின் புரதமான என்.எஸ்.1. இரண்டாவது முறையாக டெங்கு வருகிறவர்களுக்கு ஐ.ஜி.எம். குறைவாகவே காட்டி ஏமாற்றுவதும் உண்டு. எனவே தாய்மார்களே! சீட்டில் என்ன இருந்தாலும் சரி, ஓயாத வாந்தி, வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, பிள்ளை துவண்டு போவது ஆகியவற்றைக் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நோய் போனாலும் அடையாளம் போகாது

இரண்டாவது குறைதான் நமது இளைஞர்களை அதிகமாக வதைப்பது. ஹெபடைடிஸ் சி கிருமி தொற்றியவர்களில் ஒரு பகுதியினருக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 30 சதவீதம் பேருக்கு, எந்த மருந்தும் இல்லாமலேயே ஆறு மாதத்திற்குள் கிருமி தானாக அழிந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு இன்று மாத்திரை இருக்கிறது. பெரும்பாலும் 12 வார சிகிச்சையில், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முழுமையாகக் குணமடைகிறார்கள். 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இந்தப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் கவனியுங்கள். கிருமி அழிந்துவிட்ட பிறகும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் தங்கிவிடுகிறது. பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுவதும் தங்குகிறது. வெள்ளம் வடிந்துவிட்டது, வீட்டைக் கழுவியாகிவிட்டது, கோடு மட்டும் சுவரில் நிற்கிறது. இந்த மனிதன் எதிர்ப்பொருள் பரிசோதனைக்குப் போனால் பத்து வருடம் கழித்தும் 'ரியாக்டிவ்' என்றே வரும். அவனிடம் கிருமி இல்லை. அவனால் யாருக்கும் பரவாது. ஆனாலும் அவன் 'அன்ஃபிட்'!

கிருமி இப்போது இருக்கிறதா என்பதைச் சொல்வது எச்.சி.வி. ஆர்.என்.ஏ. என்ற வேறொரு பரிசோதனை. முதல் சீட்டில் 'ரியாக்டிவ்' வந்தால் இரண்டாவதாக இதைப் பார்த்த பிறகுதான் நோய் உண்டு, இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது மருத்துவ நெறி. நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த இரண்டாவது பரிசோதனையின் பெயராவது சொல்லப்படுகிறது?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. "மூன்று மாதம் எங்கள் லேகியத்தைச் சாப்பிடு, ரியாக்டிவ் என்பது ஓடிப்போகும்" என்று சொல்லிப் பணம் பறிக்கும் கூட்டம் இருக்கிறது. சகோதரர்களே! ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருளை இரத்தத்திலிருந்து நீக்கும் மருந்தென்று உலகில் எதுவுமே இல்லை. நோயைக் குணப்படுத்தும் மாத்திரைகூட அடையாளத்தை அழிப்பதில்லை. அந்தப் பெயரால் யார் பணம் கேட்டாலும் அவர் உங்களை ஏமாற்றுகிறார்.

குழந்தைகள் விஷயத்திலும் இந்தக் குறை உண்டு. எச்.ஐ.வி. உள்ள தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்துவிடுகிறது. 18 மாதம் வரைகூட அது இருக்கலாம். அதுவரை எதிர்ப்பொருள் பரிசோதனை செய்தால், கிருமியே இல்லாத குழந்தைக்கும் 'பாசிட்டிவ்' என்று வரும். அதனால்தான் பச்சிளம் குழந்தைகளுக்குக் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்யப்படுகிறது. தாயைப் பார்த்துக் குழந்தைக்குத் தீர்ப்பு எழுதுவது மார்க்கத்திலும் இல்லை, மருத்துவத்திலும் இல்லை.

ஆள் மாறாட்டம்

மூன்றாவது குறை, கறையைக் கோடு என்று நினைப்பது. ஒரு கிருமிக்கு உண்டான எதிர்ப்பொருள் வேறொரு கிருமிக்கான பரிசோதனையில் ஒட்டிக்கொள்வதுண்டு. டெங்குவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் ஒரே குடும்பத்துக் கிருமிகள். ஒன்றின் எதிர்ப்பொருள் மற்றதன் பரிசோதனையைக் குழப்பும். எச்.ஐ.வி. முதல்கட்டப் பரிசோதனையிலும் வேறு தொற்றுகள், உடலே தன்னைத் தாக்கிக்கொள்ளும் நோய்கள், கர்ப்பம், அண்மையில் போட்ட தடுப்பூசி ஆகியவற்றால் சில நேரம் பொய்யான 'ரியாக்டிவ்' வந்துவிடுகிறது.

"நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகச் சொல்லும் டெஸ்ட் என்கிறார்களே, பிறகென்ன?" என்று கேட்கலாம். வியாபாரிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. போட்டுப் பாருங்கள். இந்தியாவில் வயது வந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏறக்குறைய ஆயிரத்துக்கு இருவர். பத்தாயிரம் பேரைப் பரிசோதித்தால் உண்மையில் நோய் உள்ளவர் 20 பேர். அந்த 20 பேரையும் டெஸ்ட் பிடித்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மீதி 9,980 பேரில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகக் காட்டினால் சுமார் 100 பேர். ஆக 'ரியாக்டிவ்' சீட்டு வாங்கியவர் 120 பேர். நோய் உள்ளவர் 20 பேர்தான்! ஆறு பேரில் ஐவர் நிரபராதிகள்! அதே 120 பேருக்கும் வேறு முறையிலான இரண்டாவது டெஸ்ட் ஒன்றைச் செய்தால் அந்த 100 நிரபராதிகளில் 99 பேர் விடுபட்டுவிடுவார்கள். இரண்டாவது சாட்சியின் மதிப்பு இதுதான்.

இது நாம் கண்டுபிடித்த நியாயம் அல்ல. அரசின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே, நோய்க்குறி இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு என்று சொல்வதற்கு மூன்று வெவ்வேறு கருவிகளில் 'ரியாக்டிவ்' வர வேண்டும் என்று விதித்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இந்த முறைப்படி இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். அரசாங்கம் மூன்று சாட்சி கேட்கிறது. நமது தெரு ஒரு சாட்சியிலேயே தீர்ப்பு எழுதுகிறது!

1986ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நமது சென்னையில்தான். பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் டாக்டர் செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் எலிசா முறையில் பரிசோதிக்கப்பட்டபோது ஆறு மாதிரிகள் நிறம் மாறின. நாட்டையே உலுக்கும் செய்தி கையில் இருந்தது. அவர்கள் உடனே முரசறையவில்லை. மீண்டும் இரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் என்ற உறுதிப் பரிசோதனையில் தெளிந்த பிறகே விஷயம் அறிவிக்கப்பட்டது. அறிந்தவர்களின் பொறுமை அது.

2020 ஏப்ரல் தந்த பாடம்

அந்தப் பொறுமையை இழந்தால் என்ன ஆகும் என்பதை 2020 ஏப்ரலில் பார்த்தோம். நமது சமுதாயம் மறக்க முடியாத மாதம் அது. டெல்லி நிஜாமுத்தீன் மர்க்கஸுக்குப் போய் வந்தவர்களைக் காரணம் காட்டி, ஒரு கிருமிக்கு ஒரு மதத்தின் பெயரைச் சூட்டி, தொலைக்காட்சிகள் இரவும் பகலும் கூவிய மாதம். தள்ளுவண்டிக் காய்கறி வியாபாரியிடம்கூட நீ எந்த மதம் என்று கேட்ட மாதம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, தப்லீக் ஜமாஅத்தைச் சேர்ந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. நீதி வந்தது, ஆனால் பழி பரவிய வேகத்தில் தீர்ப்பு பரவவில்லை.

அதே ஏப்ரலில்தான், விரைவில் விடை வேண்டும் என்ற அவசரத்தில், சீனாவின் வோண்ட்ஃபோ, லிவ்சன் ஆகிய இரண்டு நிறுவனங்களின் 'ரேபிட் கிட்' எனும் எதிர்ப்பொருள் கருவிகள் 5 லட்சம் வாங்கப்பட்டன. தமிழக அரசும் தனியாக, ஒன்று 600 ரூபாய் என்ற விலையில் ஆர்டர் கொடுத்தது. முதல் தவணையாக 24 ஆயிரம் வந்து இறங்கின. சில நாட்களிலேயே ராஜஸ்தான் அரசு, இந்தக் கருவி 5.4 சதவீதம்தான் சரியாகக் காட்டுகிறது என்று கையை விரித்தது. ஏப்ரல் 21 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிசோதனையை நிறுத்தி வைக்கச் சொன்னது; 27ஆம் தேதி கருவிகளையே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டது. தங்கள் கருவியில் குறை இல்லை என்று நிறுவனங்கள் மறுத்தன. இதற்கிடையே இறக்குமதி செய்தவருக்கும் விநியோகம் செய்தவருக்கும் தகராறு வந்து விவகாரம் டெல்லி உயர்நீதிமன்றம் போனபோதுதான், 245 ரூபாய்க்கு வந்து இறங்கிய பொருள் 600 ரூபாய்க்கு விற்கப்பட்டது வெளியே தெரிந்தது. 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றது நீதிமன்றம். மக்கள் உயிருக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில் இந்த இலாபம்! ஹலால் வியாபாரம் செய்யும் நமது வணிகர்கள் இந்த விகிதத்தை யோசித்துப் பார்க்கட்டும்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கருவி எந்தக் குறையும் இல்லாததாக இருந்திருந்தாலும், முதல் வாரத்தில் இருக்கும் நோயாளியைக் கண்டுபிடிக்க அது உதவியிருக்காது. ஏனெனில் எதிர்ப்பொருள் உண்டாகவே ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது. நோய் அதிகமாகப் பரவுவதோ அதற்கு முந்திய நாட்களில்! நோயைக் கண்டறிய மூக்கிலும் தொண்டையிலும் சளி எடுத்துச் செய்யும் பி.சி.ஆர். பரிசோதனைதான் நம்பகமானது என்று ஆராய்ச்சிக் கழகமே சொல்லியிருந்தது.

அப்படியானால் எதிர்ப்பொருள் பரிசோதனையே வீணா? இல்லை. எத்தனை பேருக்கு நோய் வந்து போயிருக்கிறது என்று நாட்டைக் கணக்கெடுக்க அதுதான் சரியான கருவி. 2020 மே, ஜூன் மாதங்களில் நாடு தழுவிய ஆய்வில் வயது வந்தோரில் 0.73 சதவீதம் பேரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. 2021 ஜூன், ஜூலையில் ஆறு வயதுக்கு மேற்பட்டோரில் 67.6 சதவீதம். இந்தக் கணக்கை வேறு எந்தப் பரிசோதனையும் தந்திருக்க முடியாது. தராசு நல்ல தராசுதான். அதை வைத்துத் துணியை அளக்கப் போனால் குற்றம் தராசினுடையது அல்ல. அன்று "டெஸ்ட் எல்லாமே மோசடி" என்று செல்போனில் செய்தி பரப்பிய நமது இளைஞர்களும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். மருத்துவம் செய்துகொள்வது நபிவழி. பரிசோதனையை மறுப்பதும் தவறு. ஒரே பரிசோதனையை வேதவாக்காக எடுத்துக்கொள்வதும் தவறு.

சாத்தூரை மறக்கலாமா?

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ள இரத்தம் ஏற்றப்பட்ட கொடுமையை நாடே பேசியது. அதைக் கிருமி தெரியாத இடைவெளிக் காலத்தின் மீது பழி போட்டுத் தப்பிக்க முடியாது. பணியிலிருந்தவர்களின் அலட்சியம் அது. ஆனால் அந்த விஷயம் எப்படி வெளியே வந்தது என்பதைப் பாருங்கள். இரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காக மெடிக்கல் பார்த்தார். தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை அங்கே அறிந்தார். தான் கொடுத்த இரத்தம் யாருக்காவது ஏறிவிடக் கூடாதே என்று பதறி, அவரே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அந்த நேர்மைக்கு இந்தச் சமூகம் கொடுத்த பரிசு என்ன? அவமானம் தாங்காமல் அவர் விஷம் அருந்தினார். டிசம்பர் 30 அன்று உயிரிழந்தார். அவருக்குக் கிருமி இருந்தது உண்மை. ஆனால் அவரைக் கொன்றது கிருமி அல்ல! தினமும் மாத்திரை சாப்பிட்டால் எச்.ஐ.வி. உள்ளவரும் நீண்ட காலம் வாழ முடிகிற காலம் இது. அந்தத் தாய் பெற்ற குழந்தைக்குக் கிருமி தொற்றவில்லை என்பது இறைவனின் கருணை.

ஆகவே, நோய் இல்லாதவனை நோயாளி என்பது மட்டும் நமது வழக்கல்ல. நோய் உறுதியானவனுக்கும் மானம் உண்டு. எந்த வழியில் வந்தது என்று துருவுகிற உரிமை நமக்கு யாரும் தரவில்லை. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரின் நோய் விவரத்தை அவர் அனுமதியின்றி வெளியிடுவதையும், வேலை தருவதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்குவதையும் நமது நாட்டில் தடை செய்திருக்கிறது. நமது கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்பதை முதலாளிமார்கள் அறிந்துகொள்ளட்டும்.

நாம் கேட்பதும் செய்ய வேண்டியதும்

மத்திய அரசிடம் நாம் கேட்கிறோம்: வளைகுடா நாடுகளோடு தொழிலாளர் ஒப்பந்தம் பேசும்போது, ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள் 'ரியாக்டிவ்' என்று வருகிறவருக்கு ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்து, கிருமி இல்லையென்றால் அவரைத் தகுதியுள்ளவராக ஏற்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். தனது எல்லைக்குள் யாரை அனுமதிப்பது என்பது அந்தந்த நாட்டின் உரிமை, மறுக்கவில்லை. ஆனால் குணமானவனைக் குணமாகாதவன் என்று எழுதித் திருப்பி அனுப்புவது நியாயமல்ல. அந்நியச் செலாவணிக்கு எங்கள் பிள்ளைகள் வேண்டும், அவர்களின் நியாயத்திற்குப் பேச ஆள் இல்லை என்றால் எப்படி?

மாநில அரசிடம் கேட்கிறோம்: ஹெபடைடிஸ் சி ஆர்.என்.ஏ. போன்ற உறுதிப் பரிசோதனைகளைத் தாலுகா மருத்துவமனை அளவிலேயே இரத்தம் எடுத்து அனுப்பி, விரைவில் முடிவு தர ஏற்பாடு செய்யுங்கள். கூலி வேலையை விட்டுவிட்டு ஏழை ஒருவன் எத்தனை முறை தஞ்சாவூருக்கு அலைவான்?

ஜமாஅத் நிர்வாகிகளே! 'மெடிக்கல்' சீட்டை வைத்து நிக்காஹ் பேச்சை முறிக்கும் விவகாரம் உங்களிடம் வந்தால், உறுதிப் பரிசோதனை முடியும் வரை எந்தப் பேச்சும் இல்லை என்று தீர்மானம் போடுங்கள். நோய் உறுதியானால், மருத்துவரின் ஆலோசனையோடு, இரு வீட்டாருக்குள் மட்டும், அந்த இளைஞனின் சம்மதத்தோடு பேசப்படட்டும். உண்மையை மறைத்து நிக்காஹ் செய்வதும் கூடாது. உண்மை தெரியும் முன்பே ஊரைக் கூட்டுவதும் கூடாது.

டிராவல்ஸ் நடத்தும் சகோதரர்களே! பையனின் பாஸ்போர்ட்டும் பணமும் உங்களிடம் அமானிதம். அவனுடைய இரத்தத்தின் ரகசியமும் அமானிதமே. 'அன்ஃபிட்' ஆனவனை வேறு ஆளின் இரத்தத்தைக் கொடுத்துத் தேற்றிவிடலாம் என்று ஆசை காட்டாதீர்கள். அது மோசடி, அதில் வரும் காசு ஹராம்.

இளைஞர்களே! விசாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இந்த மூன்று பரிசோதனைகளையும் அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளுங்கள். 'ரியாக்டிவ்' என்றால் இடிந்து போகாதீர்கள்; அடுத்த பரிசோதனை எது என்று மருத்துவரைக் கேளுங்கள். ஹெபடைடிஸ் பி-யில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே முதலில் பார்க்கும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது எதிர்ப்பொருள் அல்ல, கிருமியின் மேலுறைப் புரதமே. அது உறுதியானால் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். ஆனால் 'ஆன்டி எச்.பி.எஸ்.' என்று சீட்டில் பாசிட்டிவ் இருந்தால் அது கெட்ட செய்தி அல்ல, நல்ல செய்தி. தடுப்பூசியாலோ, வந்து குணமானதாலோ உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள். அந்தத் தடுப்பூசியை இன்றே தொடங்குங்கள். முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று ஊசி. ஊசி போட்ட இரண்டு மூன்று வாரத்திற்குள் மெடிக்கல் போகாதீர்கள். ஊசி மருந்தில் உள்ள புரதமே அந்த நாட்களில் பரிசோதனையை ஏமாற்றக்கூடும்.

இரத்த தானத்தில் நமது சமுதாய அமைப்புகள் முன்வரிசையில் நிற்கின்றன. மாஷா அல்லாஹ்! அந்தப் பெருமைக்கு ஒரு பொறுப்பும் உண்டு. "நமக்கு ஏதாவது இருக்கிறதா என்று இலவசமாகத் தெரிந்துகொள்ளலாமே" என்பதற்காக யாரும் முகாமுக்கு வரக்கூடாது. சந்தேகம் உள்ளவர் நம்பிக்கை மையத்திற்குப் போகட்டும். இடைவெளிக் காலத்தில் கிருமி சோதனைக்குத் தப்பிவிடும் என்பதை மேலே கண்டோம். முகாமில் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்வதும் இரத்தம் கொடுப்பதைப் போன்ற தர்மம்தான்.

அன்புச் சொந்தங்களே! சீட்டு ஒரு சாட்சி. அந்தச் சாட்சி எப்போது பார்த்தது, எதைப் பார்த்தது, அதை உறுதிப்படுத்த இன்னொரு சாட்சி இருக்கிறதா என்று கேட்ட பிறகே தீர்ப்புக்குப் போக வேண்டும். அடுத்த முறை உங்கள் தெருவில் ஒருவனைப் பற்றி "அவனுக்கு என்னமோ இருக்காமே?" என்று யாராவது காதோடு சொன்னால், "உறுதிப் பரிசோதனை ஆகிவிட்டதா? உங்களுக்கு இதைச் சொல்ல அவன் அனுமதித்தானா?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். அந்தப் பேச்சு அங்கேயே நிற்கும். ஒரு முஸ்லிமின் மானத்தைக் காத்த நன்மை உங்கள் ஏட்டில் எழுதப்படும், இன்ஷா அல்லாஹ்.

நோயுற்றோருக்கு வல்ல இறைவன் பூரண சுகத்தையும், நமக்கு நாவடக்கத்தையும் நல்லறிவையும் தருவானாக! ஆமீன்.